பர்னாந்து: ஞானஸ்நானம் வாங்கிய சாதி

தூத்துக்குடியில் ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கடைசியில் பர்னாந்து என்று சேர்த்தால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. இன்ன சாதி, இன்ன கோயில், கடலோடு இன்ன உறவு என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. அதே பெயரோடு அவர் லிஸ்பனில் போய் இறங்கினால் அது அவருடைய பிறப்பைப் பற்றி ஒன்றையும் சொல்லாது. அங்கே அது தெருவில் போகிற எவருக்கும் உள்ள பெயர். கடல் தாண்டி வந்த ஒரு பெயர் இங்கே சாதிப்பெயர் ஆனது எப்படி? சாதியைக் கழுவுவதற்கு ஊற்றியதாகச் சொல்லப்படும் தண்ணீரிலேயே சாதி குளித்து எழுந்து, புதுப்பெயரோடு கரையேறி நின்றது எப்படி? பெயரை மாற்றினால் விடிவு வருமா என்று நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிற தலித்துகளுக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதி இல்லை.

பர்னாந்து மட்டுமில்லை. மோத்தா, ரோச், வாஸ், கொரைரா, மச்சாது, மிராந்தா, லோபோ, ரொட்ரிகோ, டி குரூஸ் என்று வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் கரை நெடுக இந்தப் பெயர்கள்தான். இவற்றைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, பரதவர் தரப்பில் எழுதப்படும் குலவரலாறுகள் சொல்வது. நாங்கள் பாண்டிய வம்சம், எங்கள் பெருமையைப் பார்த்துப் போர்த்துக்கீசியர் தங்கள் பிரபுக்களின் பெயரை எங்களுக்குச் சூட்டினார்கள் என்பது அதன் சாரம். இன்னொன்று, வெளியே இருக்கிறவர்கள் டீக்கடையில் சொல்வது. ‘அவுகள்லாம் பரங்கி ரத்தம் கலந்தவுகல்லா, பேரப் பாத்தாலே தெரியலியா?’ முதல் கதை பெருமை பேசுகிறது, இரண்டாவது கதை கேலி பேசுகிறது. ஆனால் இரண்டும் தேடுவது ரத்தத்தை. பெயருக்குள் ரத்தத்தைத் தேடுகிற வாசிப்பு சாதியின் வாசிப்பு. பெயருக்குள் தேட வேண்டியது ஒரு பேரத்தை, ஒரு அதிகார ஏற்பாட்டை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

பேரம் என்ன? 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையில் முத்துதான் பணம். சலாபம் யார் கையில், குளியாளிகளை ஏவுகிற உரிமை யாருக்கு, வரி யாருக்கு என்பதே தகராறு. கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவர்கள் பரதவர்கள். லாபம் கரையில் நின்றவர்களிடம் போனது. காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரிகளோடு ஏற்பட்ட பகையில் ஒரு பரதவரின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக் காது அறுந்ததாகவும், அதிலிருந்து ஊர் கலவரமானதாகவும் கதை உண்டு. இந்தக் காது அறுந்த கதையை இன்றைக்கு மதச்சண்டையாக மாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முத்துப்பாருக்கான சண்டை. அந்த நேரத்தில் நடுவில் வந்தவர் ஜோவான் டா குரூஸ். கள்ளிக்கோட்டையிலிருந்து லிஸ்பன் போய் அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய குதிரை வியாபாரி. போர்த்துக்கீசியரிடம் போங்கள், அவர்கள் மதத்தில் சேருங்கள், காப்பாற்றுவார்கள் என்று யோசனை சொன்னவர் அவர்தான். 1535ல் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் கப்பற்படையோடு குருமார்கள் வந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சுமார் 20,000 பேர் என்று வரலாற்று நூல்களில் சொல்லப்படுகிறது. தலைவராக இருந்த விக்கிரம ஆதித்த பாண்டியனும் பெயரை மாற்றிக்கொண்டார். புதுப்பெயர் என்ன தெரியுமா? தோம் ஜோவான் டா குரூஸ். நடுவில் நின்று பேரத்தை முடித்த குதிரை வியாபாரியின் பெயரையே தலைவர் சூட்டிக்கொண்டார் என்கிறது மரபு. இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்?

ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். கப்பலில் வந்த சிப்பாயும் மாலுமியும் வியாபாரியும் ஞானத்தகப்பனாக நின்றார்கள். பெரும்பாலும் அவன் பெயரே இவனுக்கு வந்தது. போர்த்துக்கீசியத்தில் பர்னாந்து என்பது ஞானஸ்நானத்தில் வைக்கிற முன்பெயர். அந்தப் பெயர்கொண்டவனின் மகன் ‘பெர்னாந்தஸ்’. ரொட்ரிகோவின் மகன் ‘ரொட்ரிகஸ்’. அப்பன் பெயரை இழுத்துக்கொண்டு வருகிற இந்த முறை நம்ம ஊர் தலையெழுத்து மாதிரிதான். மச்சாது என்றால் கோடரி. லோபோ என்றால் ஓநாய். பெரைரா பேரிக்காய் மரம். குரூஸ் சிலுவை. கடலுக்குள் முங்கிச் சிப்பி எடுக்கிறவனுக்குக் கோடரி என்று பெயர் வந்தது, பேரிக்காயைக் கண்ணால் காணாதவனுக்குப் பேரிக்காய் மரம் என்று பெயர் வந்தது. பிரபு வம்சமும் இல்லை, ரத்தக் கலப்பும் இல்லை. கையெழுத்துப் போட்டவனின் பெயர் பத்திரத்தில் இருக்கிற மாதிரி, காப்பாற்றுவதாகச் சொன்னவனின் பெயர் காப்பாற்றப்பட்டவன் மேல் இருந்தது.

சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். அதாவது பெயர்கள் அவருக்கு முன்பே வந்துவிட்டன. அவர் வந்து பார்த்தபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இந்த மக்களுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை என்று தன் கடிதத்தில் எழுதுகிறார். செபம் தெரியாது, கட்டளை தெரியாது. பெயர் மட்டும் இருந்தது. பிறகு 1544 கடைசியில் திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைச் சொல்லும்போது, ஒவ்வொருவருக்கும் அவர் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகச் சொல்கிறார். முதலில் ஆண்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளை அனுப்பினார்கள். எழுத்தே எட்டாத கையில் முதல்முதலாக வந்து விழுந்த எழுத்து தன்னுடைய புதுப்பெயர். இதை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. எழுதப்பட்ட பெயருக்கு உள்ள மரியாதை, பெயரே எழுதப்படாதவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. முத்துக்கரையிலிருந்து வருஷா வருஷம் போன வரியில் ஒரு பங்கு போர்த்துக்கல் ராணியின் செருப்புச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார்களுக்குக் கொடுத்துவிடும்படி சவேரியார்தான் ராணியிடம் கேட்டார். பெயர் மேற்கிலிருந்து வந்தது, செருப்புக்காசு மேற்கே போனது. குலவரலாறுகளில் பெயர் பக்கம் பக்கமாக வருகிறது, செருப்புக்காசு வருவதில்லை.

பெயர் கொடுத்தவர்களின் சொந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1497ல் போர்த்துக்கல்லில் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் வாங்க வைத்தார்கள். அவர்களுக்கும் ஊரில் எல்லாருக்கும் உள்ள பெயர்களே வந்தன. பெயர் ஒன்றானதும் பேதம் போனதா? இல்லை. ‘புதுக் கிறிஸ்தவன்’ என்று தனியாக முத்திரை குத்தினார்கள். பாட்டன் யார், முப்பாட்டன் யார் என்று ரத்தச் சுத்தம் விசாரித்தார்கள். 1773ல்தான் அந்த வேறுபாட்டைச் சட்டத்தில் எடுத்தார்கள். தமிழில் முதல் அச்சு நூலான ‘தம்பிரான் வணக்க’த்தை 1578ல் கொல்லத்தில் கொண்டுவந்த அண்டிரிக் அடிகளார் இப்படிப்பட்ட ஒரு புதுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். யூத வம்சம் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பிறகு சேசு சபையில் சேர்ந்து இந்தக் கரைக்கு வந்து, 1600ல் சாகும்வரை இங்கேயே கிடந்தார். அவர் அச்சுப்போட்ட காசு முத்துக்கரை மக்கள் கொடுத்த காசு. பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவர்தான் இந்த மக்களின் பேச்சை எழுத்தில் பதித்தார். இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். ஐரோப்பிய மொழிகள் சாதிக்கு வைத்திருக்கிற சொல், ‘காஸ்தா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் புதுப்பெயர் கொடுத்தவர்களே நம்முடைய சாதிக்கும் உலகப்பெயர் கொடுத்தார்கள்.

இனி மையமான கேள்விக்கு வருவோம். ஏன் இந்தப் பெயர் சாதியை உடைக்கவில்லை? கொச்சிக்குப் போனது தனித்தனி ஆட்கள் இல்லை, பட்டங்கட்டிகள். திரும்பி வந்ததும் குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக, தலைவர் முதல் கடைசிக் குளியாளி வரை ஒரே வீச்சில் முழுக்கு வாங்கினார்கள். மேலிருந்தவன் மேலேயே இருந்தான். பட்டங்கட்டி பட்டங்கட்டியாகவே இருந்தான். சாதித் தலைவருக்குத் தோம் என்ற பட்டமும் சேர்ந்தது. போர்த்துக்கீசியரும் சேசு சபையாரும் இந்தப் படிநிலையை உடைக்கவில்லை. அதன் வழியாகவே ஆட்களைப் பிடித்தார்கள், அதன் வழியாகவே வரி வசூலித்தார்கள். ஆக அன்றைக்கு ஞானஸ்நானம் வாங்கியது ஆள் இல்லை, சாதி. புதுப்பெயர்கள் அந்தச் சாதிக்கு வேலி ஆயின. கொள்வினை கொடுப்பினை வேலிக்குள்ளேயே நடந்ததால், நாலு தலைமுறையில் பர்னாந்து என்றால் பரதவர், பரதவர் என்றால் பர்னாந்து என்று ஆகிவிட்டது.

1658ல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்தான். கத்தோலிக்கத்தை விடச் சொல்லி நெருக்கினான். பெயர் கொடுத்தவனின் பீரங்கி போய்விட்டது, பேரம் முறிந்துவிட்டது. அப்போது பெயரை விட்டிருக்கலாம். விடவில்லை. கோயிலையும் விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆள்கிறவன் மாறும்போதெல்லாம் மாற மாட்டோம் என்று கடலோடி மக்கள் நின்றது சாதாரணமில்லை. ஆனால் நின்றது விசுவாசம் மட்டுமில்லை, சாதித் தலைமையும் கூடவே நின்றது. சலாபத்தில் தலைவருக்கான தனிப்பங்கை டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் ஏதோ ஒரு வடிவில் ஒத்துக்கொண்டார்கள். உள்ளேயும் பிளவு வந்தது. வசதி படைத்த ‘மேசைக்காரர்’ ஒரு பக்கம், அலையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் பர்னாந்துதான். ஒரே பெயர் என்பதால் ஒரே பந்தி என்று ஆகிவிடவில்லை. கட்டுமரத்து பர்னாந்துவின் பசியை மேசைக்கார பர்னாந்துவின் பெருமை மூடி மறைத்தது. குலவரலாறுகளைப் படிக்கும்போது இந்த மூடியைத் திறந்து பார்க்கப் பழக வேண்டும்.

கரையைத் தாண்டி உள்நாட்டுக்குப் போனால் இதே பெயரின் கதி வேறு. 1606ல் ராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே பரதவக் கிறிஸ்தவர்களுக்காக ஒரு சேசு சபைக் குரு ஏற்கெனவே இருந்தார். அவர் பெயரும் பெர்னாந்தஸ்தான், கொன்சாலோ பெர்னாந்தஸ். மேல்சாதிக்காரன் ஒருவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்தவம் என்றால் பரங்கி மார்க்கம், பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்கிறவன், குடிக்கிறவன், தீட்டுப்பட்டவன். நொபிலி என்ன செய்தார்? நான் பரங்கி இல்லை என்று அறிவித்தார். காவி கட்டினார், பூணூல் போட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். அவர் வழியில் சேர்ந்தவர்களுக்குப் போர்த்துக்கீசியப் பெயர் வைக்கவில்லை, நல்ல தமிழிலும் வடமொழியிலும் பெயர்கள் வந்தன. 1640 வாக்கில் கீழ்ச்சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்கள் கூட ஏற்பட்டார்கள். தமிழ்ப் பண்பாட்டுக்குள் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த சாதனை என்று இன்றைக்கும் இதைக் கொண்டாடுகிறார்கள். எந்தத் தமிழ்ப் பண்பாடு? பரதவரின் பெயர் ஒட்டினால் தீட்டு என்று ஒதுக்கிய பண்பாடு. கரையில் பாதுகாப்பாக இருந்த பெயர் மதுரையில் தீட்டாக இருந்தது. பெயருக்கு என்று சொந்தமாக ஒரு குணமும் இல்லை, அது எந்த அதிகாரத்தின் நிழலில் நிற்கிறது என்பதே அதன் குணம்.

அப்படியானால் பெயரே கொடுக்கப்படாதவர்கள்? நான் இந்த மறைமாவட்டத்தின் மேட்டுப்பக்கத்து ஊர்க்காரன். எங்கள் தெருவில் எல்லாரும் கிறிஸ்தவர்கள். அந்தோணி, சூசை, மிக்கேல், சவரிமுத்து, ஆரோக்கியம். பின்னால் ஒன்றும் கிடையாது. முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்து. டவுணில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் அன்பாகத்தான் விசாரிப்பார்.

‘பேரு என்ன தம்பி?’

‘அந்தோணிங்க.’

‘அந்தோணின்னா... என்ன அந்தோணி?’

இந்தக் கேள்விக்கு அந்தோணி பர்னாந்து என்றோ அந்தோணி நாடார் என்றோ பதில் இருக்க வேண்டும். வெறும் அந்தோணி என்றால் வெறும் அந்தோணிதான். வீடு நேற்றே ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கூட நின்றவன் கப்பல் மாலுமி இல்லை, பீரங்கி இல்லை. எங்களிடம் வாங்கிக்கொள்ள முத்து இல்லை. அதனால் எங்களுக்குக் குடும்பப்பெயரும் இல்லை. சாதி மட்டும் குறைவில்லாமல் இருந்தது, அதற்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை, தெரு போதும். பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வெளிவந்தபோது எங்களை உலுக்கியது இதனால்தான். அதில் வருகிறவர்களிடம் மனிதர்கள் பெயரைக் கேட்டதோடு விடுவதில்லை, எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கன்னியர் மடத்துக்குள் போனாலும் அந்தத் தெரு கூடவே வருகிறது.

இதற்குள் அரசாங்கத்தின் பங்கு ஒன்று உண்டு. 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆக முடியாது என்றது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவத் தலித்துகளைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள். இதன் விளைவு எங்கள் வீடுகளில் தெரியும். பள்ளிக்கூடத்துல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேரு. சர்ட்டிபிகேட்டில் முருகன், பூசையில் மிக்கேல். கரைக்காரர்களுக்குக் குடும்பப்பெயர் ஒரு சொத்து. அப்பனிடமிருந்து மகனுக்கு எழுதி வருகிறது. எங்களுக்கோ முதல் பெயரையே மறைத்து வைத்துத்தான் ஒரு ஸ்காலர்ஷிப் வாங்க வேண்டியிருந்தது. இதைப் பித்தலாட்டம் என்று பேசுகிறவர்கள் யார் இந்த இரட்டைப் பெயரை எங்கள் மேல் சுமத்தினார்கள் என்று சொல்லட்டும்.

மேலே இருக்கிறவர்களின் பட்டப்பெயர் சபைக்குள் எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பதற்கு வடக்கன்குளம் சாட்சி. நீலகண்ட பிள்ளை 1745ல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீலகண்டன் போனார், பிள்ளை போகவில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே அவர் வணங்கப்பட்டார். அந்தப் பட்டத்தை நீக்கச் சொல்லி ரோமாபுரிக்குக் கடிதங்கள் போன பிறகுதான், 2022 மே மாதம் புனிதர் பட்டம் கொடுத்தபோது பிள்ளை இல்லாத தேவசகாயமாக அறிவித்தார்கள். ரத்தசாட்சியாகச் செத்தும் உதிராத வால் அது. அதே வடக்கன்குளத்தில் 1872ல் வெள்ளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை என்று இரண்டு பிரிவாகக் கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், நடுவில் சுவர். 1910ல் அந்தச் சுவரை இடித்தார்கள். கல்லில் கட்டிய சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம், பெயரில் கட்டிய சுவருக்கு இன்னும் நூறு வருஷம் பிடித்தது.

இலக்கியம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது? வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977ல் வந்தது. மணப்பாட்டுக் கரையில் குரூஸ் மிக்கேலும் பிலோமியும் சாமிதாசும் ரஞ்சியும் தங்கள் முன்பெயர்களோடுதான் நம் மனதில் நிற்கிறார்கள். வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கிற சண்டையில் அவர்கள் நொறுங்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்த ஒருவர் மனிதர்களைப் பிரியத்தோடு பார்த்திருக்கிறார், பெயர்களின் அதிகாரத்துக்குள் அவர் போகவில்லை. ஜோ டி குரூஸ் உள்ளேயிருந்து வந்தவர். ‘ஆழி சூழ் உலகு’ 2004ல், ‘கொற்கை’ 2009ல். பின்னதற்கு 2013ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரிகிற ‘கொற்கை’யில் தோணி முதலாளிகளின் எழுச்சியும் சரிவும், பாண்டியபதியின் மங்கிப்போன மகிமையும், குடும்பங்களின் கிளைகளும் வருகின்றன. கரையின் பேச்சு அச்சில் ஏறியது பெரிய காரியம். கடலைக் காணாமலேயே கடல் பாடிய தமிழ் இலக்கியத்துக்கு அது சரியான அடி. ஆனால் ஒரு தலித் வாசகனாக எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. குடும்பப்பெயர்களின் பெருங்கூட்டத்துக்கு நடுவே, அந்தத் தோணிகளில் மூட்டை ஏற்றிய முதுகுகளுக்கு என்ன பெயர்? உப்பளத்தில் கால் வெடித்து நின்றவர்களுக்கு என்ன பெயர்? அந்தப் பெயர்களைத் தேடினால் அதே தூத்துக்குடியின் ஸ்ரீதர கணேசனிடம், அவருடைய ‘உப்பு வயல்’ நாவலிடம் போக வேண்டியிருக்கிறது. ஒரே ஊர், ஒரே உப்புக்காற்று. ஒரு நாவல் கிளைவிட்ட வம்சங்களின் கதை, இன்னொன்று வம்சம் என்று எழுதி வைக்க எதுவுமில்லாதவர்களின் கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் ஊர் முழுசாகத் தெரிகிறது.

பெயரை விட்டுவிடுவதே வழி என்று சொன்ன இயக்கமும் இங்கே இருந்தது. 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டங்களை விடத் தீர்மானம் போட்டார்கள். பலபேர் விட்டார்கள். இந்தியாவில் வேறெங்கும் நடக்காத நல்ல காரியம் அது. ஆனால் விடுவதற்குப் பட்டம் இருந்தவன் விட்டான். சாமி என்று முடிகிற பெயரைப் பிள்ளைக்கு வைத்தாலே பண்ணையார் முகம் சுளிக்கிற ஊரில் எங்கள் பாட்டன் எதை விடுவான்? இதே மாவட்டத்தில் பெயரின் பெயரால் நடந்ததைப் பார்த்திருக்கிறோம். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்து, 1799ல் வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்கோடு தன்னையும் அழித்துக்கொண்டவர் என்று போற்றப்படும் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997ல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியார் கிளம்பினார்கள். கலவரம் வந்தது. அரசாங்கம் என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் எல்லா மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் அப்படித்தான் தூத்துக்குடி மாவட்டமானது. 2011ல் துறைமுகத்துக்கு மறுபடியும் வ.உ.சி. பெயர் வந்தது, சுந்தரலிங்கத்தின் பெயர் அந்தப் பஸ்களுக்குத் திரும்ப வரவில்லை. ஒரு தலித்தின் பெயர் பொது இடத்தில் நிற்பதைத் தடுக்க ஊரில் உள்ள எல்லாப் பெயர்களையும் பலிகொடுக்கத் தயாராக இருக்கிறது இந்தச் சமூகம்.

அம்பேத்கர் 1936ல் பம்பாயில் மகர் மாநாட்டில் பேசும்போது இந்தப் பெயர் விஷயத்துக்கு வருகிறார். மகர் என்பதை விட்டுச் சொக்காமேளா என்று வைத்துக்கொண்டாலும் தீண்டாமை போகவில்லை, மதத்தை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை என்பது அவர் வாதம். சரியான வாதம். முத்துக்கரை அந்த வாதத்தோடு இன்னொரு வரியைச் சேர்க்கச் சொல்கிறது. இங்கே பெயரும் மாறியது, மதமும் மாறியது. 1536 வாக்கிலேயே இரண்டும் மாறியாகிவிட்டது. ஆனால் தலைமை மாறவில்லை, சலாபப் பங்கு மாறவில்லை, கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. எனவே சாதி பழைய வீட்டிலேயே புதுப் பெயர்ப்பலகை மாட்டிக் குடியிருந்தது. கிறிஸ்தவத்துக்குள் சாதி தொடர்வதைப் பற்றி அம்பேத்கர் தனியாக எழுதியதும் இதனால்தான். சாதியாகச் சேர்ந்து மாறினால் சாதி மாறிக்கொள்ளும், ஒழியாது.

உலகத்தில் இப்படிப் பெயரோடு மல்லுக்கட்டியவர்கள் நாம் மட்டுமில்லை. அமெரிக்கக் கறுப்பர்களின் குடும்பப்பெயர்களில் பல அவர்களின் பாட்டன்களை விலைக்கு வாங்கிய முதலாளிகளின் பெயர்கள். மால்கம் லிட்டில் அந்த லிட்டிலை வெட்டிவிட்டு எக்ஸ் என்று போட்டுக்கொண்டார், தெரியாமல் போன மூதாதைப் பெயருக்கான இடமாக. இலங்கையில் பர்னாந்து என்ற பெயரோடே பௌத்தராக இருக்கிற ஆயிரமாயிரம் பேர் உண்டு. அங்கேயும் கரையோரச் சாதியின் வாசனை அந்தப் பெயரில் இருக்கிறது. நமக்கு இன்னொரு முன்னோடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். காத்தவராயன் என்று பிறந்தவர் தனக்குப் பாடம் சொன்ன அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். பீரங்கி வைத்திருந்தவனின் பெயரை இல்லை, எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரை. ரத்தமும் இல்லை, பேரமும் இல்லை. ஒரு பெயர் எப்படி வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முத்து போய்விட்டது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961ல் நடந்தது. பெயர்கள் இருக்கின்றன. குலவரலாறு எழுதுகிற நண்பர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களைத் தேடி லிஸ்பன்வரை போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த வரிக்கணக்கையும் படிக்கட்டும், அதே பெயரோடு கட்டுமரத்தில் செத்தவர்களையும் எண்ணட்டும். மாணவத் தோழர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. நம்முடைய பங்குக் கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. போய்ப் பார்க்கக் கேளுங்கள். எந்த வருஷத்தில் எந்தத் தெருவுக்கு எந்தப் பெயர்கள் வந்தன, யார் ஞானத்தகப்பனாக நின்றார்கள், எந்தப் பெயருக்குப் பின்னால் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது, அந்தக் காலி இடத்தில் குரு எங்கேயாவது சாதியைக் குறித்து வைத்திருக்கிறாரா என்று வரிசையாக எழுதி எடுங்கள். உங்கள் பாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே சர்ட்டிபிகேட்டுப் பெயருக்கும் கோயில் பெயருக்கும் நடுவில் நடந்ததைக் கேட்டு வையுங்கள். வெறும் அந்தோணிகளின் வரலாற்றை வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை.